ஓவர்கிளாக்கிங்: கணிப்பொறியின் வேக வரம்பை மீறியவர்களின் வரலாறு

ஓவர்கிளாக்கிங் என்பது கணிப்பொறியின் செயலி, நினைவகம், வரைகலை அட்டை போன்ற பாகங்களை, அவற்றைத் தயாரித்த நிறுவனம் உறுதியளித்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் இயங்கச் செய்வதாகும். மிகைவேகமூட்டல் என்று தமிழில் சொல்லலாம். ஆயினும் கணிப்பொறி ஆர்வலர்களிடையே ஓவர்கிளாக்கிங் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இன்று பயாஸ் திரையில் ஓர் எண்ணை மாற்றினால் இந்த வேலை முடிந்துவிடும். ஒரு காலத்தில் படிகத்தைப் பிடுங்கி வேறொன்றைச் செருகியும், செயலியின் மேல் பென்சிலால் கோடு இழுத்தும் இதைச் செய்தார்கள். இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வதில் ஒரு நடைமுறைப் பயனும் இருக்கிறது. வீட்டுக் கணிப்பொறியின் வேகத்தைக் கூட்டுமுன் நாம் தெரிந்திருக்க வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றை, கடந்த 40 ஆண்டுகளில் யாரோ ஒருவர் தம் செயலியையோ தம் கோப்புகளையோ இழந்து கற்றிருக்கிறார்.

கடிகாரத் துடிப்பும் பாதுகாப்பு இடைவெளியும்

செயலிக்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். அந்தத் தாளத்தைத் தருவது கடிகாரத் துடிப்பு. தாய்ப்பலகையில் உள்ள குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்விலிருந்து இத்துடிப்பு பெறப்படுகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில், மின்குறிப்பு தன் பாதையிலுள்ள டிரான்சிஸ்டர்கள் அனைத்தையும் கடந்து ஒரு நிலையான மதிப்புக்கு வந்து சேர வேண்டும். அது வந்து சேருமுன் அடுத்த துடிப்பு வந்துவிட்டால், செயலி தவறான மதிப்பை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரும். தான் தவறு செய்தது அதற்குத் தெரியாது.

ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்படும் சில்லுகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. சில வேகமானவை, சில மெதுவானவை. தயாரிப்பாளர் ஒவ்வொன்றையும் சோதித்து, தரம் பிரித்து, ஒரு வேக எண்ணை அளிக்கிறார். அனுமதிக்கப்பட்ட மிக அதிக வெப்பத்திலும், மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும், சில்லு பல ஆண்டுகள் தேய்ந்த பிறகும் அந்த வேகத்தில் அது பிழையின்றி இயங்க வேண்டும். ஆகவே அச்சிடப்பட்ட வேகத்துக்கும் சில்லு உண்மையில் தாங்கும் வேகத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி விடப்படுகிறது. சந்தையில் மலிவான சில்லுகளுக்குத் தேவை அதிகமாக இருக்கும்போது, வேகமாக ஓடக்கூடியவற்றையும் குறைந்த வேக எண்ணிட்டு விற்பதுண்டு. அப்போது இடைவெளி இன்னும் பெரிதாகிறது.

ஓவர்கிளாக்கிங் என்பது இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்வதே. அந்த இடைவெளி யாருக்குச் சொந்தம் என்ற இழுபறியே இதன் வரலாறு.

படிகத்தை மாற்றியவர்கள்

1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐபிஎம் பிசியின் இன்டெல் 8088 செயலி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. இந்த எண் விநோதமாகத் தோன்றலாம். அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக் குறிப்பின் அதிர்வெண்ணைப்போல் 4 மடங்கான 14.318 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றையே ஐபிஎம் பயன்படுத்தியது. அதில் மூன்றில் ஒரு பங்கே 4.77. செயலி 5 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட உரிமை பெற்றது. அதாவது முதல் பிசி தன் வரம்புக்குச் சற்றுக் கீழேதான் ஓடியது.

1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி 80286 செயலியை 6 மெகாஹெர்ட்ஸில் ஓட்டியது. அதற்கான 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் தாய்ப்பலகையில் எளிதாகக் கழற்றும் வகையில் செருகப்பட்டிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகினால் செயலி 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் என்பதைப் பயனர்கள் கண்டுபிடித்தார்கள். பல ஆயிரம் டாலர் விலையுள்ள பொறியின் வேகம், சில டாலர் விலையுள்ள படிகத்தால் மூன்றில் ஒரு பங்கு கூடியது.

ஐபிஎம் இதை விரும்பவில்லை. பின்னர் வந்த ஏடி பொறிகளின் பயாஸில் வேகத்தைச் சரிபார்க்கும் சோதனை ஒன்று சேர்க்கப்பட்டது. குறித்த வேகத்தைவிட வேகமாக ஓடினால் பொறி தொடங்க மறுக்கும். 1986-இல் ஐபிஎம் தானே 8 மெகாஹெர்ட்ஸ் ஏடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பயனர் கண்டுபிடிப்பதும், தயாரிப்பாளர் தடுப்பதும், பிறகு அதையே விலைக்கு விற்பதும் என்ற வரிசை அன்று தொடங்கியது. அதே வரிசை பின்னாளில் பலமுறை திரும்பி வந்தது.

பெருக்கெண்ணும் போலி முத்திரையும்

1992-இல் வந்த இன்டெல் 486டிஎக்ஸ்2 செயலி, தாய்ப்பலகையின் துடிப்பை உள்ளே இரு மடங்காக்கிக்கொண்டது. தாய்ப்பலகை 33 மெகாஹெர்ட்ஸில் ஓட, செயலி 66 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதுமுதல் செயலியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல் ஆயிற்று: ஒன்று தாய்ப்பலகைப் பாட்டையின் வேகம், மற்றொன்று பெருக்கெண். 1990களின் நடுப்பகுதியில் தாய்ப்பலகையிலுள்ள ஜம்பர் எனும் சிறு இணைப்பிகளை இடம் மாற்றி இரண்டையுமே மாற்ற முடிந்தது.

இந்த வசதியை ஏமாற்றுக்காரர்களும் பயன்படுத்தினர். செயலியின் மேல் அச்சிட்ட வேக எண்ணை அழித்துவிட்டு, கூடுதல் எண்ணை அச்சிட்டு, அதிக விலைக்கு விற்கும் மோசடி பரவியது. வாங்கியவர் தம் கணிப்பொறி ஓவர்கிளாக் செய்யப்பட்டது என்று அறியாமலே பயன்படுத்துவார். அடிக்கடி ஏன் நின்றுபோகிறது என்று புரியாமல் திகைப்பார். இதைக் காரணம் காட்டி இன்டெல் பெருக்கெண்ணைப் பூட்டத் தொடங்கியது. 1990களின் இறுதியில் பென்டியம் 2, செலரான் செயலிகளில் பூட்டு வழக்கமாகிவிட்டது. ஆர்வலர்களுக்கு எஞ்சிய ஒரே வழி பாட்டையின் வேகத்தைக் கூட்டுவது.

செலரான் 300ஏ

ஓவர்கிளாக்கிங்கை ஒரு சிலரின் பொழுதுபோக்கு என்ற நிலையிலிருந்து பெரிய இயக்கமாக மாற்றியது 1998 ஆகஸ்டில் வெளிவந்த செலரான் 300ஏ. இது மலிவு விலைச் செயலி. அதன் 128 கிலோபைட் இரண்டாம்நிலைப் பதுக்ககம் செயலிச் சில்லிலேயே அமைந்து, செயலியின் முழு வேகத்தில் ஓடியது. விலையுயர்ந்த பென்டியம் 2-இல் பதுக்ககம் 512 கிலோபைட் இருந்தாலும், அது தனிச் சில்லுகளில் அமைந்து பாதி வேகத்திலேயே ஓடியது.

செலரான் 300ஏயின் கணக்கு எளியது. பாட்டை 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 4.5; ஆக 300 மெகாஹெர்ட்ஸ். பெருக்கெண் பூட்டப்பட்டிருந்தது. ஆனால் பாட்டையை 100 மெகாஹெர்ட்ஸாக்கினால் செயலி 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அன்று இன்டெல் விற்ற மிக வேகமான பென்டியம் 2-இன் வேகமும் அதுவே. அதன் விலை செலரானைப்போல் பல மடங்கு. இரண்டும் ஒரே 0.25 மைக்ரான் தொழில்நுட்பத்தில் தயாரானவை என்பதால், பெரும்பாலான 300ஏ செயலிகள் 450-ஐத் தாங்கின. அபிட் நிறுவனத்தின் பிஎச்6 தாய்ப்பலகையில் ஜம்பரைத் தொடாமல் பயாஸ் திரையிலேயே பாட்டையின் வேகத்தை மாற்றலாம். அத்தகைய பலகை இல்லாதவர்கள் செயலியின் பி21 என்னும் இணைப்பு முனையை ஒரு துண்டு ஒட்டுநாடாவால் மறைத்தே பாட்டையை 100-க்கு மாற்றினார்கள்.

இந்தக் கதையில் பலர் மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. அன்றைய தாய்ப்பலகைகளில் வன்தட்டும் பிற அட்டைகளும் இணையும் பிசிஐ பாட்டை, முதன்மைப் பாட்டையின் வேகத்தை வகுத்தே தன் வேகத்தைப் பெற்றது. அதன் வேகம் 33 மெகாஹெர்ட்ஸாக இருக்க வேண்டும். முதன்மைப் பாட்டை 66 ஆனால் அதில் பாதி 33. அது 100 ஆனால் மூன்றில் ஒரு பங்கு 33. இரண்டிலும் சிக்கல் இல்லை. ஆனால் 100-ஐ எட்ட முடியாத செயலியை 83 மெகாஹெர்ட்ஸில் ஓட்டியவர்களுக்கு, பாதியாக வகுத்தபின் பிசிஐ பாட்டை 41 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடியது. செயலி தாங்கியது, வன்தட்டுக் கட்டுப்படுத்தி தாங்கவில்லை. சேமித்த கோப்புகள் எந்த எச்சரிக்கையும் இன்றிச் சிதைந்தன. 100 மெகாஹெர்ட்ஸைவிட 83 ஆபத்தானது என்ற முரண், ஓர் எண்ணைத் தொடுமுன் அது வேறு எவற்றையெல்லாம் இழுத்துச் செல்கிறது என்று பார்க்கவேண்டும் என்பதைக் கற்பித்தது.

பென்சில் கோடும் 1.13 கிகாஹெர்ட்ஸும்

2000ஆம் ஆண்டில் ஏஎம்டி வெளியிட்ட சாக்கெட் வகை அத்லான், டியூரான் செயலிகளின் மேற்பரப்பில் எல்1 எனப்பட்ட சிறு இணைப்புகள் இருந்தன. தொழிற்சாலையில் அவற்றை அறுத்துப் பெருக்கெண்ணைப் பூட்டினார்கள். அறுந்த இடத்தைச் சாதாரணப் பென்சிலால் தீட்டினால், காரீயம் என்று நாம் அழைக்கும் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தி இணைப்பை மீட்டுத் தந்தது. பூட்டு திறந்தது.

அதே ஆண்டு இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் வேகப் போட்டி உச்சத்தில் இருந்தது. மார்ச் மாதத்தில் ஏஎம்டி முதலில் 1 கிகாஹெர்ட்ஸை அறிவித்தது. இரண்டு நாளில் இன்டெலும் அறிவித்தது. ஜூலை 31 அன்று இன்டெல் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ வெளியிட்டது. டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்தை நடத்திய தாமஸ் பாப்ஸ்ட் தமக்கு வந்த செயலி சோதனைகளில் நிலைகுலைவதைக் கண்டு எழுதினார். லினக்ஸ் கருனியை மூலநிரலிலிருந்து தொகுக்கும் சோதனையை அதனால் ஒழுங்காக முடிக்க இயலவில்லை. வேறு சில விமர்சகர்களும் சிக்கலை உறுதிப்படுத்தினர். ஆகஸ்ட் இறுதியில் இன்டெல் அந்தச் செயலியைத் திரும்பப் பெற்றது.

போட்டியின் வேகத்தில் தயாரிப்பாளரே தம் பாதுகாப்பு இடைவெளியைத் தின்றுவிட்டார். சாதாரணப் பயன்பாட்டில் நன்றாக ஓடுவதாகத் தோன்றிய சில்லு, கடினமான ஒரு வேலையில் மட்டும் தடுமாறியது. விண்டோஸ் திறந்தது, விளையாட்டு ஓடியது என்பதெல்லாம் சில்லு சரியாக இயங்குகிறது என்பதற்குச் சான்றாகாது.

வெப்பமும் மின்னழுத்தமும்

செயலி எடுக்கும் மின்திறன் கடிகார வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. வேகத்தை 20% கூட்டி, அதைத் தாங்குவதற்காக மின்னழுத்தத்தை 10% கூட்டினால், 1.2-ஐ 1.1-இன் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 1.45. அதாவது 20% வேகத்துக்கு 45% கூடுதல் மின்திறன். அத்தனையும் வெப்பமாகவே வெளியேறும்.

2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் வெளியிட்ட ஒரு காணொளி, ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளின் மேலிருந்து குளிர்விப்பானைக் கழற்றினால் என்னவாகும் என்று காட்டியது. பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தப்பியது. அத்லான் சில நொடிகளில் புகைந்து அழிந்தது. வெப்பம் மிகுந்தால் தானாக வேகம் குறைவதும் பொறி நின்றுவிடுவதும் பிற்காலச் செயலிகள் எல்லாவற்றிலும் இடம்பெற்றன. ஆகவே இன்று வெப்பத்தால் மட்டும் செயலி எரிந்துபோவது அரிது.

மின்னழுத்தம் அப்படியல்ல. 2002-இல் வந்த நார்த்வுட் வகைப் பென்டியம் 4-க்கு ஏறத்தாழ 1.5 வோல்ட் போதும். 1.7 வோல்ட்டும் அதற்கு மேலும் கொடுத்து ஓட்டிய பலரின் செயலிகள், சில வாரங்களிலோ மாதங்களிலோ ஒருநாள் திடீரென உயிரை விட்டன. நல்ல குளிர்விப்பானும் அவற்றைக் காக்கவில்லை. நார்த்வுட் திடீர் மரணம் என்றே ஆர்வலர்கள் இதற்குப் பெயரிட்டார்கள். அதிக மின்னழுத்தத்திலும் வெப்பத்திலும் உலோக இணைப்புகளின் அணுக்கள் மின்னோட்டத்தோடு மெல்ல நகர்ந்து பாதையைத் தேய்ப்பதும், டிரான்சிஸ்டர்களின் மெல்லிய காப்புப் படலம் நலிவதும் சில்லுகள் முதுமையடையும் வழிகள். முதல் நாளில் சரியாக ஓடுவது மட்டும் போதாது. மூன்றாம் ஆண்டிலும் ஓடுமா என்பதே மின்னழுத்தத்தைக் கூட்டுபவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

ஓசையில்லாத பிழை

ஓவர்கிளாக்கிங்கின் உண்மையான ஆபத்து புகையோ தீயோ அல்ல. யாருக்கும் தெரியாமல் நிகழும் தவறான கணக்கே அது.

மைக்ரோசாப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் 2005-இல் ஒரு நிகழ்ச்சியை எழுதினார். விண்டோஸ் நிலைகுலைந்த கணிப்பொறிகளிலிருந்து வந்த அறிக்கைகளில் சில, தோல்வியடையவே வாய்ப்பில்லாத கட்டளையில் தோல்வியைக் காட்டின. செயலியின் பதிவகம் ஒன்றைச் சுழியமாக்கும் கட்டளை அது. நினைவகத்தைக்கூட அது தொடுவதில்லை. விசாரித்தபோது அந்தப் பொறிகள் ஓவர்கிளாக் செய்யப்பட்டவை என்று தெரிந்தது. உரிமையாளர்கள் சிலருக்கே அது தெரியாது. கடைக்காரர் அப்படி அமைத்து விற்றிருந்தார்.

2011-இல் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 10 லட்சம் கணிப்பொறிகளின் பிழை அறிக்கைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஓவர்கிளாக் செய்யப்பட்ட பொறிகளில் செயலிப் பிழையால் நிலைகுலைவு நேரும் வாய்ப்பு, ஒரு தயாரிப்பாளரின் செயலிகளில் ஏறத்தாழ 20 மடங்கும், மற்றொருவருடையதில் 4 மடங்குக்கு மேலும் கூடியிருந்தது. எண்ணிக்கையில் வந்தவை இவை. நிலைகுலையாமல் ஒரு கோப்பில் ஓர் எழுத்தையோ ஒரு தொகையையோ மாற்றிவிட்டு அமைதியாகப் போன பிழைகள் எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

இதற்கான மருந்தும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய கூட்டுத் திட்டத்தின் மென்பொருள் பிரைம்95. பல நாள் ஓடும் கணக்கில் ஒரு பிழை புகுந்தாலும் உழைப்பு வீணாகும் என்பதால், விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்துச் செயலியைச் சோதிக்கும் வசதி அதில் வைக்கப்பட்டது. ஆர்வலர்கள் அதையே தங்கள் உரைகல்லாக்கிக்கொண்டார்கள்.

இடைவெளியைத் தயாரிப்பாளர் எடுத்துக்கொண்ட காலம்

2008-இல் முதல் கோர் ஐ7 செயலிகளோடு டர்போ பூஸ்ட் வந்தது. வெப்பமும் மின்திறனும் இடம் கொடுக்கும்போது செயலி தானே தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். பயனர்கள் தேடிய இடைவெளியின் ஒரு பகுதியை இவ்வாறு தயாரிப்பாளரே எடுத்து விற்கலானார். 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் செயலிகளில் 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பு மற்ற இணைப்புகளோடும் பிணைக்கப்பட்டதால், அதைச் சில விழுக்காட்டுக்கு மேல் கூட்ட இயலவில்லை. பெருக்கெண் திறந்த செயலிகள் கே என்ற எழுத்தோடு சற்றுக் கூடுதல் விலைக்கு வந்தன. பயனர் ஓவர்கிளாக் செய்து செயலியைக் கெடுத்தாலும் ஒருமுறை மாற்றித் தரும் தனிக் காப்புத் திட்டத்தையும் இன்டெல் 2012 முதல் 2021 வரை விற்றது. அதே 2011-இல் ஏஎம்டியின் எஃப்எக்ஸ் செயலி ஒன்று திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில் 8.429 கிகாஹெர்ட்ஸ் தொட்டுக் கின்னஸ் சாதனை படைத்தது. அது மேடைச் சாகசம், வீட்டுக்கு ஆகாது.

செயலிகள் வெளிவரும்போதே வரம்பின் விளிம்பில் ஓடத் தொடங்கியதன் விளைவு அண்மையில் தெரிந்தது. 2023-இல் ஏஎம்டி ரைசன் 7000 வரிசைச் செயலிகள் சில கருகிப்போயின. நினைவகத்தை வேகப்படுத்தும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தபோது சில தாய்ப்பலகைகள் செயலியின் ஒரு பகுதிக்கு அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கொடுத்தன. அதை 1.3 வோல்ட்டுக்குள் நிறுத்தும் பயாஸ் பின்னர் வழங்கப்பட்டது.

2024-இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகளில் நிலைகுலைவுகள் பெருகின. காட்சி நினைவகம் போதவில்லை என்ற செய்தி சிலருக்குத் திரையில் வந்தது. வரைகலை அட்டையில் குறையே இல்லை, குறை செயலியில் இருந்தது. தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றதால் செயலிகள் முன்கூட்டியே தேய்ந்தன என்று இன்டெல் விளக்கியது. திருத்த நிரலை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தை மேலும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்துவிட்ட செயலியை எந்த நிரலாலும் மீட்க முடியவில்லை. எந்த எண்ணையும் தொடாத பயனர்களும் இதில் பாதிக்கப்பட்டார்கள்.

வரலாறு தரும் பாடங்கள்

வீட்டுக் கணிப்பொறியின் வேகத்தைக் கூட்ட நினைப்பவருக்கு இவ்வரலாறு சில தெளிவான வழிகளைச் சொல்கிறது.

முதலில், மெதுவாக இருப்பது எது என்று கண்டறிய வேண்டும். பழைய சுழல் வன்தட்டோ குறைந்த நினைவகமோ காரணமாக இருந்தால், செயலியை எவ்வளவு விரட்டினாலும் பயனில்லை. அடுத்து, செயலியும் தாய்ப்பலகையும் இதற்கு இடம் தருகின்றனவா என்றும் உத்தரவாதம் என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். நினைவகத்தின் பெட்டியில் அச்சிட்ட எக்ஸ்எம்பி, எக்ஸ்போ வேகங்களும் செயலித் தயாரிப்பாளரின் கண்ணில் ஓவர்கிளாக்கிங்தான்.

முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து, அதைக் கழற்றி வைத்த பின்பே தொடங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும், சிறு படியாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் செயலியையும் நினைவகத்தையும் மணிக்கணக்கில் சோதிக்க வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஒரு படி பின்வாங்க வேண்டும். மின்னழுத்தத்தைக் கடைசியாகவே தொட வேண்டும். காற்றால் குளிரும் செயலி அறையின் வெப்பத்துக்குக் கீழே போகாது. 22 பாகை செல்சியஸ் அறையில் சோதித்து எழுதிய முடிவை, சித்திரை வெயிலில் 38 பாகையில் இருக்கும் நம் அறைக்கு அப்படியே எடுத்துக்கொண்டால் 16 பாகை கணக்கில் விட்டுப்போகும். மார்கழியில் தேறிய பொறியைக் கோடையில் மறுபடி சோதிக்க வேண்டும்.

செலரான் 300ஏ காலத்தில் 50% வேகம் இலவசமாகக் கிடைத்தது. அந்த இடைவெளி அன்று பயனருக்கு விடப்பட்டிருந்தது. இன்று அதன் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே செலவாகிவிடுகிறது. எஞ்சியிருப்பது, சில்லு முதுமையடையும் நாளுக்காகவும் வெயில் கடுமையாகும் நாளுக்காகவும் எடுத்து வைத்த சேமிப்பு. அதிலிருந்து எடுக்கலாம். எடுப்பது சேமிப்பிலிருந்து என்பது தெரிந்திருக்க வேண்டும்.